குருநாதன் எடுத்த ஆள்

1964-இல் தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரில் பக்தவத்சலம் ஜவுளிக்கடை என்றால் ஊருக்கு ஞாபகம் வருவது முதலாளி அல்ல, குருநாதன்தான். பன்னிரண்டு வருஷமாக அங்கே சேலை விரித்துக் காட்டியவர். அவருக்கு ஒரே ஆசை: போட்டில் போகிற தூரத்து ஊரான ரங்கத்தில் திறக்கப்போகும் கிளைக்கு மேனேஜராகப் போக வேண்டும். முதலாளியும் ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

"மெயின்லேண்ட் கப்பல்ல சரக்கு வர்றதுக்குள்ள கவுண்டருக்கு ஒரு நல்ல ஆளா நீயே பாத்து எடு, குருநாதா."

முதலில் வந்தவன் முத்துமணி, சாத்தம் மரமில்லில் கட்டை அடுக்கியவன். குருநாதன் வாயைத் திறக்குமுன் ஒரு வங்காளி அம்மாள் கடைக்குள் வந்தாள். "ஆயியே தீதி, பைட்டியே" என்று இந்தியில் உபசரித்து இவன் ஸ்டூலை நகர்த்திப் போட்டான், மகள் கல்யாணம் எப்போது என்று விசாரித்தான். இதற்கு முன்பு குருநாதனிடம் மூன்று தடவை விலை கேட்டு வெறுங்கையோடு போனவள், இரண்டு சேலை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

இத்தனை வருஷத்தில் குருநாதனைப் பார்த்து யார் அப்படிச் சிரித்தார்கள்? இவனை உள்ளே விட்டால் ஆறே மாதத்தில் ரங்கத்துக்கு இவன்தான் போவான்!

"காலி இல்லப்பா. பாத் மே ஆவ், அப்புறம் பாக்கலாம்."

அடுத்து வந்தவன் கண்ணையா. சேலை என்ன விலை சொல்வாய் என்று கேட்டதற்கு விட்டத்தைப் பார்த்தான். அடடா, இவனல்லவா ஆள்! அன்றைக்கே எடுத்துக்கொண்டார்.

கப்பல் வந்தது, சரக்கும் இறங்கியது. குருநாதன் டிரங்குப் பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டார். முதலாளி கூப்பிட்டார்.

"உன் இடத்துல நிக்கத்தானேய்யா ஆள் எடுக்கச் சொன்னேன்! நீ எடுத்தவன் வர்றவங்களைப் பாத்தாலே மிரள்றான். இவனை நம்பி உன்னை எப்படி விடுறது?"

"அப்போ ரங்கத்துக்கு?"

"முத்துமணின்னு ஒருத்தன். நீ இல்லைன்னதும் நேரா என் வீட்டுக்கே வந்துட்டான். இங்கதான் நீ ஆள் எடுத்துட்டியே, அதான் அவனை ரங்கத்துக்குப் போட்டுட்டேன். படா கெட்டிக்காரன். அது உன் கண்ணுல எப்படிய்யா படாமப் போச்சு?"

குருநாதன் போய் டிரங்குப் பெட்டியின் கட்டை அவிழ்த்தார்.

போட் ஏறும் அன்று முத்துமணி கடைக்கு வந்து அவர் காலைத் தொட்டான். "அண்ணே, அன்னிக்கு நீங்க எடுத்திருந்தா இங்கதான் நின்னுட்டிருப்பேன். உங்க புண்ணியம்."

குருநாதன் அந்தக் கவுண்டரில் இன்னும் பதினான்கு வருஷம் நின்றார். பக்கத்திலேயே கண்ணையாவும் நின்றான், வாயைத் திறக்காமல்.