கேபிளைப் பிடுங்காத நாள்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது ஜானட்டின் வேலை. வண்டிகளுக்குக் கேட் பாஸ் போடும் லினக்ஸ் சர்வரை அப்படியே நகலெடுத்து, அவசரத்துக்கு உதவுமென்று இன்னொரு கம்ப்யூட்டருக்குள், தனி மெஷின் போலவே ஓடும் வர்ச்சுவல் மெஷினாக வைத்திருந்தாள். நகலுக்கும் அசலின் ஐபி நம்பர்தான், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரிதான், இருக்கும். அதனால் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் நகலை ஆன் பண்ணுவாள். நம்பரை மாற்றிய பிறகே கேபிளைச் செருகுவாள்.

அன்று முதலாளியின் மச்சானுக்கு அந்த நகலை ஓட்டிக் காட்ட வேண்டுமென்று மேனேஜர் தலைமேல் வந்து நின்றார். "நம்பரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம், ஆன் பண்ணும்மா."

கேபிளைப் பிடுங்காமலேயே பண்ணினாள். ஒரே நம்பருக்கு ரெண்டு சர்வர் பதில் சொன்னால் கேட்டில் இருப்பவன் எதை நம்புவான்? பாதி பாஸ் அசலில் விழுந்தது, பாதி நகலில் விழுந்தது. நகலை உடனே அணைத்தாலும், கலந்ததைப் பிரித்தெடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை ஒரு வண்டிகூட உள்ளே போகவில்லை. டிரெய்லர்கள் எண்ணூர் வரைக்கும் நின்றன.

மேனேஜர் அவளைத் திட்டவில்லை. திட்டினால் அவர் சொன்னதும் வெளியே வருமே. வைரஸ் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வரிசையில் அவள் புருஷன் லியோனார்டின் டிரெய்லரும் நின்றது. மறுநாள் மதியம்தான் ராயபுரம் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான்.

"வைரஸாம். கத வுட்றானுங்க. எவன் கை வெச்சானோ, அவன் கை வெளங்காம பூடணும்."

"இன்னொரு துண்டு மீன் வெக்கட்டா?" என்று கேட்ட ஜானட், அந்தக் கையாலேயே எடுத்து வைத்தாள்.