“சிஹாட், துவான்” என்று சொல்லும் நோயாளிகள்

பட்டாளத்தில் பட்ட நோய்க்கு ஊன ஓய்வூதியம் கேட்டு மேல்முறையீடு எழுதிக் கொடுக்கும் வேலையில், பேனாவைவிடக் காதுதான் சீக்கிரம் தேயும் என்று எனக்கு முதலில் சொன்னவர் ராஜேஸ்வரி அக்கா. என் கடைக்குட்டி வேலைக்குப் போன வருஷம், மலேசியாவின் கிள்ளானில் தன் மேசையை என்னிடம் ஒப்படைத்த அன்று சொன்னார். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு உட்காருவேன். மீதியை அவன் பார்த்துக்கொள்வான். அரசாங்க விண்ணப்பப் பாரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சொந்தக் கைக்குட்டை

பக்கத்து ஊர் மேருவிலிருந்து, பட்டாளத்தில் சார்ஜன்டாக இருந்த மணியம் அண்ணன் வந்தார். வாலிபத்தில், முகாம் வேலியோரம் மூன்று வருஷம் புல்லு மருந்து, அதான் களைக்கொல்லி, அடித்தவர். முதுகில் பம்பு, கசிந்து சட்டை நனையும். மருந்தைக் கையாலேயே கலக்கியிருக்கிறார். இப்போது நுரையீரல் தழும்பேறிப் போயிருக்கிறது. அது பட்டாள வேலையால் வந்ததுதான் என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால்தான் ஓய்வூதியம்.

பாதுகாப்புக்கு என்ன இருந்தது என்று பாரத்தில் ஒரு கேள்வி. யோசித்துச் சொன்னார்: “சொந்தக் கைக்குட்டை ஒன்னு இருந்துச்சும்மா. அதையும் வாடை தாங்கலன்னு கார்ப்பரல் வாங்கிக்கிட்டாரு.”

முதல் தடவை ஏன் தள்ளினார்கள்

முன்பு அவர் மனுவைத் தள்ளிய கடிதத்தைப் பார்த்தேன். நோயாளி எந்தக் குறையும் சொல்லவில்லை என்றிருந்தது. விசாரித்தால், மருத்துவக் குழு முன்னால் விறைப்பாக நின்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “சிஹாட், துவான்” என்றிருக்கிறார். மலாயில், நலம் ஐயா என்று. அதிகாரி கேட்டால் பட்டாளத்தில் வேறு பதிலே கிடையாதாம். என் மேசைக்கு வருகிறவர்களில் இந்தத் தப்பைச் செய்யாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவர் மனைவி லெட்சுமி அக்கா கோபப்படவில்லை. “வீட்டுல ரெண்டு படி ஏறினா உக்காந்துருவாரு. துவானைப் பாத்தா மட்டும் பதினெட்டு வயசு.”

சாட்சி

மருந்து அடித்ததற்கு எங்கேயும் பதிவு கிடைக்கவில்லை. கூட இருந்தவர் ஒருவர் சாட்சிக் கடிதம் தர வேண்டும். தேடித் தேடி, செராஸில் இருக்கும் டேவிட் அண்ணனைப் பிடித்தோம். கைக்குட்டையை வாங்கிய அதே கார்ப்பரல்தான். கைத்தடியோடு வந்தார். முகாம், வேலி, மருந்து டின்னின் நிறம் எல்லாம் ஞாபகம் வைத்திருந்தார்; அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “கைக்குட்டைய விட்டுட்டியே தங்கச்சி. அதையும் எழுது. நான் திருப்பிக் குடுக்கவே இல்ல.”

இரண்டாம் தடவை

மருத்துவக் குழு மறுபடி கூப்பிட்டபோது துணைக்கு நானும் போனேன். மறைக்காமல் சொல்லுங்கள் என்று வழியெல்லாம் நானும் லெட்சுமி அக்காவும் சொல்லிக்கொண்டே வந்தோம். தலையாட்டினார். வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகுதான் உள்ளே வந்தார். டாக்டர் முன்னால் இளைப்பது மரியாதை இல்லையாம்.

டாக்டர் சின்ன வயசுத் தமிழ்ப் பெண். எப்படி இருக்கீங்க அங்கிள் என்று கேட்டார். அண்ணன் விறைப்பாக நின்றார். “சிஹாட், டாக்டர்.”

நான் கண்ணை மூடி முருகா என்றேன். லெட்சுமி அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினார். படுத்தால் மூச்சு முட்டுவது, நாற்காலியிலேயே தூங்குவது, குளித்து முடிப்பதற்குள் இரண்டு முறை உட்காருவது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தாழ்வாரக் கோடிவரை நடந்து வரச் சொன்னார். இவர் நடக்கவில்லை, மார்ச் பண்ணினார். திரும்பி வரும்போது உதடு நீலம், பேச்சு வரவில்லை. அப்போதும் உட்காராமல் நின்றார். டாக்டர் எழுந்து வந்து நாற்காலியை அவர் பின்னால் நகர்த்தினார். “உக்காருங்க அங்கிள். இது ஆர்டர்.”

உட்கார்ந்தார். டாக்டர் ரொம்ப நேரம் எழுதினார். சில மாதம் கழித்து, மேல்முறையீடு ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தால், எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது மட்டும், தயவுசெய்து, பதிலை அவர் பெண்சாதி சொல்லட்டும்.