அருள்நிறையின் பின்பாதி

அந்தத் தவக்காலத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டபோது நான் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே நோயோடு எங்கோ ஒரு கட்டிலில் படுத்திருக்கும் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் மில் ஒன்றில் எனக்கு மேஸ்திரி வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த குரல் என்னுடையது. எங்கள் பங்குக் கோயிலில் சிலுவைப்பாதையோ செபமாலையோ, முன்னால் நின்று சொல்வது நான்தான். யாராவது சாகக் கிடந்தால், சாமியார் வந்து சேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொல்ல எனக்குத்தான் ஆள் வரும். "மேஸ்திரி சொன்னா மோட்சத்துக்கே கேக்கும்" என்பார்கள். அதில் பாதி கேலி, பாதி மெச்சல். கேலியை அவர்களிடமே விட்டுவிட்டு மெச்சலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், குருத்து ஞாயிறன்று குரல் உடைந்தது. பெரிய வெள்ளியன்று வெறும் காற்றுதான் வந்தது. சாமிக்காகப் போன தொண்டை என்று எல்லோரும் உருகினார்கள். நானும் உருகினேன். தவக்காலம் முழுக்கப் பாடியதால் வந்தது, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டால் தானே சரியாகும் என்று இருந்துவிட்டேன். பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்தேன். உயிர்ப்புப் பெருவிழா போய் இரண்டு மாதம் ஆயிற்று. குரல் வரவில்லை. எச்சில் விழுங்கினால் காதுவரை வலித்தது. சாயங்காலமானால் உடம்பு கதகதத்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

என் மனைவி ஆரோக்கியம்தான் ஒருநாள் பொறுமை இழந்தாள். "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தது போதும், டாக்டர்கிட்ட கொஞ்சம் ஒப்புக்கொடுங்க. ஜல்தியா கெளம்புங்க" என்றாள். விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். போய்க் காட்டுங்கள். பக்தியான காரணமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள்.

விழுப்புரத்து டாக்டரம்மா என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டு, "ஈ சொல்லுங்க" என்றார். வந்தது ஈ இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். "கேன்சராவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம், இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அந்தப் பத்து நாளில் ஒன்று தெரிந்துகொண்டேன். எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நித்திய வாழ்வைப் பற்றி உரக்கச் சொன்னவன் நான். விசுவாசப் பிரமாணத்தில் அந்த இடம் வரும்போது குரலை ஒரு படி ஏற்றுவேன். ஆனால் அது சாகிறவர்களுக்கான விஷயம் என்றே உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறேன். என் பெயருள்ள ஒருவனுக்கும் அது உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஊருக்கு உபதேசம் செய்தவனுக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

கேன்சர் இல்லை. லாரிஞ்சியல் டி.பி. (குரல்வளையில் பரவிய காசநோய்). நுரையீரலிலும் இருந்தது. தினம் ஊசி, வேளாவேளைக்கு மாத்திரை, சில மாதம் வார்டில் தனியாக. இவ்வளவும் சொல்லிவிட்டு டாக்டரம்மா விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

"நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னு பேசறது அதைவிடக் கெடுதல். புண்ணு ஆறும்போது தழும்பா இறுகிப்போச்சுன்னா குரல் திரும்பாது."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாயை மூடினால்தான் பிழைப்பு. ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரோக்கியம் திண்டிவனம் திரும்பினாள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஆண்கள் டி.பி. வார்டு ஆஸ்பத்திரி வளாகத்தின் கோடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். மில் ஆட்கள் முதல் வாரம் வந்தார்கள், தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. எந்தச் சாவு வீட்டிலும் என் குரல் இல்லாமல் நடக்காது என்று நினைத்திருந்தேன். நடந்துகொண்டிருந்தது.

பேச்சு போனது போகட்டும், செபமாவது மிஞ்சும் என்று எண்ணியிருந்தேன். அதுவும் வரவில்லை. சத்தமில்லாமல் எனக்குச் செபிக்கவே தெரியாது என்று அங்கேதான் கண்டுகொண்டேன். செபமாலை மணிகள் உருண்டன. மனசு மில்லுக்கும் வீட்டுக்கும் அலைந்தது. ஐம்பத்து மூன்று அருள்நிறை முடிந்தபின் ஒன்றுகூடச் சொல்லாததுபோல் இருக்கும். அந்த வாரம் ஆரோக்கியம் பார்க்க வந்தபோது இதைச் சிலேட்டில் எழுதி ஜன்னலில் காட்டினேன். "ருசியே இல்லை. எதற்குச் சொல்வது?"

அவள் படித்துவிட்டு, "ஊசி மட்டும் ருசியாவா கீது? தெனம் போட்டுக்கினுதானே இருக்கீங்க" என்றாள்.

செபமாலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அருள்நிறை மந்திரம் இரண்டு பாதி. முன்பாதி மாதாவை வாழ்த்துவது. பின்பாதி, பாவிகளான எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று கேட்பது. ஒருவர் முன்பாதி சொன்னால் மற்றவர்கள் பின்பாதி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முன்பாதி எப்போதும் நான். அந்த ஞாயிறு ஆரோக்கியம் ஜன்னலுக்கு வெளியே நின்று முன்பாதியைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பழக்கத்தில் நிறுத்தினாள். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பின்பாதியையும் அவளே சொல்லிக்கொண்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளை அவ்வளவு தனியாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

பக்கத்துக் கட்டிலில் கோவிந்தசாமி இருந்தார். மண்டகப்பட்டுக்காரர். சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர், அறுபதைத் தாண்டியவர். இரண்டு தரம் மாத்திரை ஆரம்பித்து, உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டு நடவுக்குப் போயிருக்கிறார். இப்போது மூன்றாவது தரம். கிருமிக்கு மருந்து பழகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாராம். தயவுசெய்து நடுவில் நிறுத்தாதீர்கள். அவரைப் பார்த்தவன் சொல்கிறேன்.

மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போன முதல் நாள் நான் நர்ஸைத் தேடி ஓடப் பார்த்தபோது அவர்தான் சிரித்தார். "பயந்துக்காதீங்க மேஸ்திரி, மருந்து கலருதான் அது. எனக்குக் கேப்பைக் கூழு குடிச்சாக்கூட அப்படித்தான் போவுது."

ஒருநாள் அவர் கேட்டார். "அந்த மணிய உருட்டிக்கினே இருக்கீங்களே, உங்க சாமிகிட்ட இன்னாதான் கேக்கறீங்க?"

சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எழுத்து தெரியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நான் அழித்துவிட்டேன். பேச முடியாதவனும் படிக்கத் தெரியாதவரும் இரண்டு முழத் தூரத்தில் படுத்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு அவர் ஆரோக்கியத்தையே கேட்டுவிட்டார். "ஏம்மா, நடுநடுவுல நிறுத்தறியே, ஏன்?"

"நானு முன்னப் பாதி சொன்னா பின்னப் பாதிய வேற ஆளு சொல்லணும்ங்க. அவரால முடியலியே."

"அப்ப ஒரு ஆளு கொறையுது. வாரா வாரம் கேட்டுக்கினுதானே கீறேன். நான் சொன்னா உங்க சாமி கோச்சுக்குமா?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். கோயிலில் யாராவது ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லோர் முன்னாலும் திருத்துகிறவன் நான். அன்றைக்கு, கோபித்துக்கொள்ளாது, சொல்லட்டும் என்று தலையாட்டினேன். அவர் சொன்னார். மூச்சு வாங்க, நடுவில் இருமி, நிறுத்தி, மறுபடி விட்ட இடத்தில் தொடங்கி.

பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. மற்ற நாட்களில் நான் முன்பாதியை மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டு மணியால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் பின்பாதியை வாய்விட்டுச் சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு அருள்நிறை. அவர் சொல்லி முடிக்கக் காத்திருக்க வேண்டும் என்பதால் என் மனசு மில்லுக்குப் போவது குறைந்தது. ருசி வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடவில்லை. ஊசியில் காது இரைந்த நாளிலும், தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாளிலும் தட்டினேன். அவரும் சொன்னார். அவருடைய மகன்கள் ஒருதரம்தான் வந்தார்கள். "நடவு ஓடிக்கினு கீது, அதான்" என்று நான் கேட்காமலே சொன்னார்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நடுப்பகலில் அவர் இருமத் தொடங்கினார். இருமலோடு ரத்தம் வந்தது, கோப்பை நிறைய. நர்ஸ் ஊசி போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். இருமல் அடங்கியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்த முகத்தை நான் பல கட்டில்களில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருந்தது.

"மேஸ்திரி" என்றார். "உங்க கொரல நான் கேட்டதே இல்லியே. ஒரு தபா முன்னப் பாதிய வாய்வுட்டு சொல்லுங்களேன்."

முந்தின வாரம்தான் டாக்டரம்மா கண்ணாடி வைத்துப் பார்த்து, வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது, இன்னும் பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் குரல் பிழைத்துவிடும் என்றிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது திறந்தபடி இருந்தது. யார் யாருக்கோ கேட்காமலே அள்ளிக் கொடுத்த குரல். கேட்ட ஒரே மனிதருக்கு அதைக் கொடுக்கப் பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியில் மணியைத் தட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. "சரி வுடுங்க" என்பதுபோல் தலையை லேசாக அசைத்துவிட்டுப் பின்பாதியைச் சொன்னார். மறுபடி தட்டினேன். சொன்னார். மூன்றாவது தரம் "இப்பொழுதும்" வரைக்கும் வந்தார். அதற்குமேல் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். டாக்டர் வந்து என் தோளைத் தொடும்வரை காத்திருந்தேன்.

சொல்லியிருந்த பத்து நாள் முடிந்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டு டாக்டரம்மா, "இனிமே பேசலாம். மெதுவா" என்றார். ஈ சுத்தமாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆரோக்கியம் சந்தோஷத்தில் அழுதாள். நானும் அழுதேன். ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்று அவள் நினைத்தாள்.

ஊருக்கு வந்ததும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியாரிடம் சொன்னேன். டாக்டர் பேச்சைக் கேட்டது பாவம் இல்லை என்றார். ஞானஸ்நானம் பெறாத மனிதர், இப்போது எங்கே இருப்பார் என்று கேட்டேன். "அந்த வாசல்ல ஆள் நிறுத்துறது நான் இல்லையே மேஸ்திரி. ஆனா இவ்வளவு நாள் மாதாவைக் கூப்பிட்டவரை அவங்க தெரியாதுன்னா சொல்லிடப் போறாங்க?" என்றார். இரண்டாவது பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. முதல் பதில் இன்னும் போதவில்லை.

மாத்திரை ஒன்றரை வருடம் சாப்பிட்டேன், ஒருவேளைகூட விடவில்லை. இப்போது நோய் இல்லை. காலையில் எழுந்ததும் கை தானாகத் தொண்டைக்குப் போகிறது. இது என் தொண்டை என்று முன்போல் உரிமையாக நினைக்க முடிவதில்லை. யாரோ விட்டுக்கொடுத்ததை வைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. நேரமும் மாறிவிட்டது. நித்தியம் என்றால் முடியாமல் நீண்டுகொண்டே போகும் காலம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அந்த வார்த்தை வரும்போது என் நினைவுக்கு வருவது ஒரு "இப்பொழுதும்" மட்டும்தான். அதற்குள் அவர் நுழைந்துவிட்டார், நான் வெளியே நிற்கிறேன்.

கோயிலில் இப்போது முன்பாதி சொல்வது வேறொருவர். நான் கூட்டத்தோடு பின்பாதி சொல்கிறேன். சாவு வீடுகளுக்குக் கூப்பிட்டால் மட்டும் போகிறேன், தணிந்த குரலில் சொல்கிறேன். சாகிறவருக்குக் கேட்டால் போதும்.

ஆரோக்கியம் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் சாயங்காலம் தனியாகச் செபமாலை எடுக்கிறேன். முன்பாதியை வாய்விட்டு, முழுக் குரலில் சொல்கிறேன். பின்பாதியை நான் சொல்வதில்லை. நாற்காலிக் கையில் மணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். அவர் அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நடுவில் வரும் இருமலுக்கும் சேர்த்துத்தான் காத்திருக்கிறேன்.