அத்தை பாட்டுக் கேட்காத நாள்

பதுளையிலிருந்து புறப்பட்ட மாலை பஸ்ஸில் சாரதி வானொலியைத் திருகிவிட்டார். நேயர்கள் தொலைபேசியில் பேசி, வேண்டியவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிப் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதாக வந்த குரல் என் அத்தையுடையது. "தம்பி, பதுளைக் கந்தோர்ல வேலை செய்ற என் மருமகளுக்குத் தடிமன் புடிச்சிருக்கு. அவளுக்குச் சீக்கிரம் சுகமாகணும்னு ஒரு பாட்டுப் போடுங்க" என்று என் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நான் கைக்குட்டையைப் பைக்குள் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. சில நாள் துணைக்கு இருந்துவிட்டுப் போகலாமென்று ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை அறைகளான எங்கள் லயத்துக்கு வந்தவர், பிறகு போகவேயில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. விடியுமுன் எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவார். சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்பை மூட்டுவார். காலம் போய் அப்பாவும் இறந்தார். எனக்குப் பதுளையில் அலுவலக வேலை கிடைத்தது, தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். லயத்தின் கோடி அறையில் அத்தை தனியாளானார். எங்களோடு பேசுவதற்கென்று தம்பி ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்திருந்தான். நாங்கள்தான் அதிகம் பேசவில்லை. யார் வீட்டு வானொலியிலோ கேட்டு அந்த நிகழ்ச்சியின் இலக்கத்தை அவர் மனப்பாடம் செய்துகொண்டார்.

ஐந்து மணிக்கு முன் முகம் கழுவி, தலை வாரி, சேலை மாற்றிக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். வானொலிக்கு முகம் தெரியாதே என்று நான் கேட்டால், "நமக்குத் தெரியுமில்ல" என்பார். வாரத்தில் இரண்டு நாளாவது இணைப்புக் கிடைத்துவிடும். பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதற்கு வாழ்த்து, சண்டை போட்டுக்கொண்டு பேசாமலிருந்த இரண்டு சகோதரிகள் மறுபடி பேசியதற்கு வாழ்த்து. லயத்தில் அவருக்கு 'ரேடியோக்கா' என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். ஆனால் ஐந்து மணிக்கு எல்லா அறைகளிலும் அந்த நிகழ்ச்சிதான் ஒலிக்கும். இன்றைக்கு யார் பெயரைச் சொல்வாரோ!

"என் பேரை ரேடியோவுல சொல்லாதீங்க அத்தை, கந்தோர்ல சிரிக்கிறாங்க" என்று நான் ஒருநாள் கடிந்துகொண்டேன். "சரி புள்ள" என்றார். அடுத்த வாரம், "பேரு சொன்னா கோவிச்சுக்கிற ஒரு புள்ளைக்கு" என்று பாட்டுக் கேட்டார்.

அந்த வருடம் விடாமல் பெய்த மழையின் நாலாவது நாள் அத்தை வாய்க்கால் அடைப்பைத் தள்ளிவிட லயத்தின் பின்பக்கம் போயிருக்கிறார். மேட்டில் நிலம் நீளமாக வெடித்திருந்தது. கையை விட்டுப் பார்த்தபோது மணிக்கட்டு வரை உள்ளே போனது. கதவு கதவாகத் தட்டிச் சொன்னார். "இந்த மலை எத்தனை மழையைப் பாத்திருக்கு, நீங்க போயி நனையாம இருங்க ரேடியோக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிவிட்டார். அவசர இலக்கங்கள் எல்லாம் ஓயாமல் பிஸியாக இருந்தன. எனக்கும் தொலைபேசி எடுத்திருக்கிறார். பதுளையில் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை, என் தொலைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது.

ஐந்து மணிக்கு, நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில் பற்றரி வானொலி பாடிக்கொண்டிருந்தது.

"வாங்க அம்மா, எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா? இன்னைக்கு யாருக்கு என்ன பாட்டு?" என்றார் அறிவிப்பாளர்.

"பாட்டு வேணாம் தம்பி" என்றது அத்தையின் குரல். "எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. சின்னப் புள்ளைங்க இருக்கு. நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க தம்பி."

அந்த இளைஞர் தோட்டத்தின் பெயரை விசாரித்தார். வழக்கமான சிரிப்பெல்லாம் போன குரலில், "இது ஓர் அவசர அறிவித்தல்" என்று தொடங்கி, அந்த லயத்து மக்கள் உடனடியாகத் தோட்டப் பாடசாலைக்குப் போய்விடுமாறு இரண்டு முறை வாசித்தார். ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் மறுபடி வாசித்தார். நான் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றபடியே இருந்தேன்.

அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தை வாசலில் நின்று கெஞ்சியபோது அசையாதவர்கள், அதே செய்தி வானொலியிலிருந்து வந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அத்தையின் கதவைத் தட்டி, "அக்கா, ரேடியோவுல சொல்றாங்க, மலை சரியப் போகுதாம், கெளம்புங்க!" என்று அவருக்கே சேதி சொன்னாராம். "அப்படியா, வாங்க போவோம்" என்று அவர் பின்னாலேயே நடந்திருக்கிறார் அத்தை.

மறுநாள் விடியற்காலையில் மேடு சரிந்தது. அத்தையின் அறையோடு சேர்த்து நாலு அறைகள் மண்ணுக்குள் போயின. உள்ளே யாரும் இல்லை.

பாதை அடைபட்டிருந்ததால் பாதித் தூரம் நடந்து நான் போய்ச் சேர இரண்டு நாளாயிற்று. பாடசாலை மண்டபத்தில் யாரோ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு கைக்குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார் அத்தை. நான் கட்டிப்பிடித்து அழுதேன். என் தொலைபேசி அணைந்திருந்ததை அவர் குறையாகச் சொல்லவேயில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எத்தனையோ வருடம் கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏன் அத்தை, விடாம அந்த நிகழ்ச்சிக்கே பேசுறீங்க? பாட்டுன்னா அவ்வளவு பிரியமா?"

"பாட்டு என்னா பாட்டு. அது பாட்டுக்குப் போகும்" என்றார் குழந்தையைப் பார்த்தபடியே. "அந்தத் தம்பி எடுத்ததும் சாப்பிட்டீங்களான்னு கேக்குமில்ல. என்னைய வேற யாரு புள்ள அதைக் கேக்குறா?"

அவர் ஆக்கிப் போட்டு வளர்ந்தவள் நான்.

இப்போது அத்தை, மேட்டை விட்டுத் தள்ளி லயத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த புது வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். பதுளைக்கு வரச் சொன்னால், லயத்து ஆட்களை விட்டு வர மனமில்லை என்கிறார். கந்தோர் முடிந்ததும் நாள் தவறாமல் எடுத்து, "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்கிறேன். சாப்பிட்டதை, கறியை, அதில் உப்புக் கூடிப்போனதை எல்லாம் சொல்வார். ஐந்து மணி நெருங்கியதும் குரலில் ஓர் அவசரம் வந்துவிடும்.

"சரி புள்ள, வையி. லைன் கெடைக்காமப் போயிரும்."