இர்ஃபான் லேப்டாப்பில் துடித்த விளக்கு

லேப்டாப்பைத் திறந்ததும் கீபோர்டிலிருந்து தோல் வாசனை வந்தது. பசை, ஸ்பிரே, கொஞ்சம் வியர்வை... ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த எவருக்கும் அது தெரியும். லேப்டாப்புக்குச் சொந்தக்காரன் இர்ஃபான் பைபாஸில் லாரி மோதி இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசனை மட்டும் அவன் இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது.

ரெண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. ஆபீஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மேல் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தவன் அவன்தான். அப்போதெல்லாம் லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் வயர்லெஸ் கார்டு வேலை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. கார்டு என்று ஒன்று உள்ளே இருப்பதையே அது ஒத்துக்கொள்ளாது. இர்ஃபான் கார்டை ஓட்டும் புரோகிராமான டிரைவரை விண்டோஸிலிருந்து கொண்டுவந்து உள்ளே திணித்து, சாப்பாட்டு நேரமெல்லாம் மல்லுக்கட்டி, எங்கள் இரண்டு பேர் லேப்டாப்பிலும் அதை ஓட வைத்தான். கார்டின் விளக்கு முதலில் எரிந்த அன்று ஆபீஸுக்கே டீ வாங்கிக் கொடுத்தான், கிறுக்கன்.

அவன் தங்கை ஷமீம் ஒருநாள் எனக்குப் போன் பண்ணினாள்.

"டேனி அண்ணா, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. அண்ணன் லேப்டாப்புல லைட்டு தானா எரிஞ்சினு கீது. அம்மி அத்த உட்டு எழுந்திருக்க மாட்றாங்க."

அதிலிருக்கும் அண்ணன் போட்டோக்களை எடுக்கலாம் என்று அவள் லேப்டாப்பைப் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டு விட்டுத் துடிக்கிறதாம். திரை இருண்டாலும் அது நிற்பதில்லை.

இறந்தவரின் ரூஹு, அதாவது ஆவி, நாற்பது நாள் வீட்டுக்கு வந்து போகும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, சோறு போட்டு, அனுப்பி வைப்பார்கள். அந்த நாள் நெருங்கிவிட்டது. இர்ஃபானின் அம்மாவோ, அவர்கள் வாயில் அம்மி, ஓதவே கூடாது என்று உட்கார்ந்துவிட்டார். பிள்ளை வந்து நிற்கும்போது எப்படிப் போகச் சொல்வது என்று கேட்டாராம். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. இப்படியே போனால் அம்மியும் நமக்கு இல்லை என்று ஷமீம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு. மதியம் ஜும்மா தொழுகை முடிந்த பிறகு போனேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. கரண்ட் வேறு போயிருந்தது. ஃபேன் நின்ற அறையில், கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து லேப்டாப்பை வைத்திருந்தார்கள். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மி தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு துடித்தது... நின்றது... துடித்தது.

அம்மியிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். டிரைவர் ஏறியிருக்கிறது. கார்டிலும் பழுதில்லை. கார்டு செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும் பதிவைத் திறந்தேன். ஒரே வரி, மேலிருந்து கீழ் வரை. 'தோஸ்த்', அதாவது நண்பன், என்ற பெயரில் கார்டு யாரையோ கூப்பிடுகிறது, யாரும் வரவில்லை, மறுபடி கூப்பிடுகிறது.

டிரைவர் பற்றிய குறிப்புகள் என் லேப்டாப்பில் இருந்தன. பார்க்கலாம் என்று பையிலிருந்து எடுத்து ஆன் செய்தேன்.

அது முழுசாக எழுந்ததும் அவனுடைய விளக்கு துடிப்பதை நிறுத்தியது. நின்று எரிந்தது. என்னுடையதிலும் விளக்கு நின்று எரிந்தது. நான் ஒரு விசையைக்கூடத் தொடவில்லை.

பதிவை மறுபடி படித்த பிறகுதான் புரிந்தது. ஆபீஸில் அப்போது ரவுட்டர் கிடையாது. ஷூ மாடல் படங்களை ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு நேராக அனுப்புவோம். அதற்காக இரண்டும் ஒன்றையொன்று தானாகத் தேடிக்கொள்கிற மாதிரி அவன் செய்து வைத்திருந்தான்.

"இன்னா பேட்டா, நின்னுட்ச்சி?" என்றார் அம்மி.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் லேப்டாப்பத்தான் தேடினு இருந்துச்சு மா. கிடைச்சிட்ச்சி."

அம்மி என் முகத்தையே பார்த்தார். தஸ்பீ நின்றிருந்தது.

"உன்னியத்தான் தேடினானா... நான் என்னியன்னு நெனச்சினு இருந்தேன்." தஸ்பீயை மடியில் வைத்துவிட்டு, "சரி. பாத்துட்டான். இனிமே புடிச்சி வைக்கக் கூடாது" என்றார்.

பாத்திஹா ஓத வரும்படி ஹஜரத்திடம் போய்ச் சொல்லச் சொல்லி ஷமீமை அனுப்பினார். எந்தப் பட்டன் என்று கேட்டுத் தன் விரலாலேயே அழுத்தி இர்ஃபானின் லேப்டாப்பை அணைத்தார். அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே என் பையன் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறான். ஒரு நொடியில் கிடைத்துவிடுகிறது. போன் தேடுகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் அன்று வேலூருக்குத் திரும்பிய பஸ் பயணம் ஞாபகம் வருகிறது.

அணைக்க மறந்து மூடிய என் லேப்டாப்பை மாதனூர் தாண்டித் திறந்தேன். விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. 'தோஸ்த்' என்ற பெயர் அப்படியே இருந்தது. அந்த மாதிரி இணைப்பில் ஒருவர் போய்விட்டால், மிச்சமிருப்பவரின் கார்டு அதே பெயரைச் சொல்லித் தொடர்ந்து கூப்பிடும். கோளாறு ஒன்றுமில்லை, அதன் வழக்கமே அதுதான்.

வேலூர் வரும்வரை நான் அதை அணைக்கவில்லை.