பின் சீட்டிலிருந்து ஒரு 'பரவாலீங்க'

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூலூரைத் தாண்டி ஓர் இட்டேரியில் என் மனைவியைத் தொலைத்துவிட்டேன்.

தொலைத்தது மாமனார் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. அதுவும் உடனே இல்லை. சரசு எப்போதும் எனக்கு முன்னால் இறங்கிவிடுவாள். உள்ளே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரை, அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். மாமனார் சொன்னார். மச்சான் சொன்னார். மச்சான் மனைவி சொன்னார். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த மாமியாரும் தலையைத் தூக்கிச் சொன்னார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர். நான் குடித்து முடிக்கும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் மாமனார் மெதுவாகக் கேட்டார்.

"அம்மணி வல்லீங்களா, மாப்பிள்ளை?"

வந்த வழியே பைக்கை விரட்டினேன். இருபுறமும் வேலி, நடுவில் மேடும் பள்ளமுமாக வண்டித்தடம் — அதுதான் இட்டேரி. பாதி தூரத்தில் சரசு நடந்து வந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கான டிபன் கேரியர் கையில் சிந்தாமல் இருந்தது. புடவையின் பின்பக்கம் மட்டும் செம்மண். நல்லவேளை, அடி இல்லை.

விழுந்தவள் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"நீங்க என்னமோ பேசிட்டு வந்தீங்க. நடுவுல எதுக்குங்கன்னு…"

நான் பேசிக்கொண்டு வந்தது புது சீட்டின் சௌகரியத்தைப் பற்றி. நடுவில் வண்டி திடீரென்று நன்றாக இழுத்தது. சர்வீஸ் விட்டது வீண்போகவில்லை என்றுகூடச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் கேள்வி.

சீட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பைக்கோடு வந்த சீட் பலகை மாதிரி தட்டையாக இருந்தது. ஞாயிறுதோறும் பீளமேட்டிலிருந்து அங்கே போய் வந்ததில் என் இடுப்பு போய்விட்டது. தார் ரோட்டுக்கு ஒரு வடிவம் வேண்டும் — ஓட்டுகிறவர் பதிந்து உட்காரப் பள்ளமும், இடுப்புக்கு முட்டுக்கொடுக்க ஒரு மேடும். இட்டேரிக்கு வேறு வடிவம் — டேங்க் பக்கம் ஒடுங்கி இருந்தால்தான், குழி வரும்போது முழங்காலால் வண்டியைக் கவ்வி எழுந்து நிற்கலாம். இரண்டும் ஒரே சீட்டில் வேண்டும் என்றேன். உக்கடத்தில் சீட் கடை வைத்திருக்கும் சலீம் பாய் சளைக்காமல் வெட்டி, ஒட்டி, ரெக்ஸின் தைத்தார். கடையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்து பார்த்து ஓகே சொன்னார்கள்.

எல்லோரும் எப்படி உட்கார்ந்தார்கள்? இரண்டு பக்கமும் காலைப் போட்டு.

சரசு புடவைக்காரி. ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். என் இடுப்புக்கு முட்டுக்கொடுத்த மேடு, அவளுக்குச் சறுக்குமரம். கோவையில் புடவையில் பின்னால் உட்காருகிறவர்கள் கொஞ்சநஞ்சமா? எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

முதல் நாளே அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவாலீங்க" என்றாள். கொங்குநாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே சாப்பாட்டில் உப்பே இல்லையென்றாலும் 'நல்லாருக்குங்க' என்பார்கள். 'பரவாலீங்க' என்றால் நிலைமை கவலைக்கிடம். தெரிந்திருந்தும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன்.

அன்று திரும்பும்போது சரசு பைக்கில் ஏறவில்லை. அண்ணனோடு நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தாள். இனிமேல் மாசத்துக்கு ஒரு தடவை பஸ்ஸிலேயே வந்துகொள்கிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாள். கோபம் துளியும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாமியார் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பவர். அது ஒருபக்கம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தம்பி குடும்பம் என்று எப்போதும் ஆள் இருக்கும். நானும் சரசுவும் தனியாகப் பேசிக்கொள்வது வாரத்தில் அந்த ஒரு பயணத்தில்தான். அதுவும் போய்விட்டால்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அவளைக் கெஞ்சி சீட் கடைக்குக் கூட்டிப்போனேன். சலீம் பாய் பைக்குக்கு ஸ்டாண்ட் போட்டு, உட்காரச் சொன்னார். அவள் உட்காரப் போனதும், கடையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மரியாதையாக ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பாயும்தான்.

திரும்பி நின்றபடியே பாய் கேட்டார். "எப்படிங்கம்மா இருக்குது?"

"பரவாலீங்க" என்றாள் சரசு.

சரிங்க என்று பாய் எடுத்து வைத்திருந்த ரெக்ஸினைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பாய், இவள் பரவாயில்லை என்றால் விழப்போகிறாள் என்று அர்த்தம் என்றேன். சரசு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"இந்த மேடு வேண்டாமுங்க. தட்டையா, அகலமா இருந்தாப் போதும். ஓரம் சரியக் கூடாதுங்க."

பாய் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் சீட் தைக்கிறேன், எந்தப் பெண்ணும் இப்படிச் சொன்னதில்லையே என்றார்.

"ஆரும் கேக்கலீங்க" என்றாள் சரசு.

மேடு போனது. மேடு போனால் என் பள்ளத்துக்கு என்ன வேலை? அதுவும் நிரம்பியது. சீட் மறுபடியும் பலகை ஆனது.

மறுநாள் அதே இட்டேரி. ஒவ்வொரு குழியும் நேராக என் இடுப்பில் வந்து இறங்கியது.

"உங்களுக்கு எப்படீங்க இருக்குது?" என்று சரசு கேட்டாள்.

"பரவால்ல" என்றேன்.

பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. ஆள் இருக்கிறாள்.