சகலைக்குப் போட்டியாக ஒரு சலவை எந்திரம்

ஏரியைக் காப்பாற்ற வந்தவர்கள் உண்டு, பூமியைக் காப்பாற்ற வந்தவர்களும் உண்டு. எங்கள் பெரிய மாமா வயிற்றெரிச்சலில் வந்தவர். சுற்றுச்சூழல் குழுக்களில் இப்படியும் ஒரு பிரிவு இருக்கிறது, வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பெரிய மாமா என் மூத்த அக்காவின் கணவர். மோட்டார் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். தொழிற்சாலையை மூடிய பிறகு வேலை கேட்டு அவர் ஏறி இறங்காத படி இல்லை. போன இடத்திலெல்லாம் அவர் கையைப் பார்க்காமல் வயதைப் பார்த்தார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். அக்கா விசிறிக்காகப் பரிதாபப்பட்டாள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். சின்ன மாமாவுக்கு வேலை கிடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. சின்ன மாமா என் இரண்டாவது அக்காவின் கணவர். சுவரில் ஆணி அடித்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் சுத்தியல் விழும். அப்படிப்பட்ட மனிதருக்கு ஏரிக்கரைக் குழு நடத்தும் பட்டறையில் சம்பள வேலை! கரண்ட் இல்லாமல் கையாலும் காலாலும் ஓட்டுகிற கருவிகளைச் செய்யும் பட்டறை அது. நானும் அங்கேதான் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

எங்கள் அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "பெரிய மாப்பிள்ளை, பாத்தீங்களா? சின்ன மாப்பிள்ளை படம் பேப்பர்ல வந்திருக்கு" என்று நீட்டினாள்.

"காணாமப் போனவங்க படமும் பேப்பர்லதான் அத்தை வருது" என்றார் பெரிய மாமா. காதில் புகை வந்தது எனக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஏரியில் ஆகாயத்தாமரை அள்ள ஆள் கூடியபோது, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார். சின்ன மாமா முழங்கால் ஆழத்தில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார். இவர் அவரைத் தாண்டி இடுப்பளவு ஆழத்துக்குப் போனார்.

"அண்ணே, அந்தப் பக்கம் சேறு. பாத்து!"

"சேறு எனக்குத் தெரியும் சகலை" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சுவரை புதைந்துவிட்டார். சின்ன மாமா கை கொடுத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. புதைந்தது பெரிய விஷயமில்லை, அந்தக் கையைப் பிடித்து ஏறினோமே என்றுதான் வாரம் முழுக்கப் பொருமினார். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். சின்ன மாமாவைவிட ஒரு கூடையாவது அதிகம் அள்ளாமல் கரையேறவில்லை. யார் பொறாமையில் அள்ளினால் ஏரிக்கு என்ன, அது பாட்டுக்குச் சுத்தமானது.

அப்போதுதான் பட்டறையில் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. பெரிய அக்கா அன்று என்னிடம் மூடி மறைக்காமல் சொன்னாள். "இந்த வேலை கிடைக்கலன்னா வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மா வீட்டு மாடி ரூமுக்கு வந்துடணும்டி. வேற வழியில்ல." அம்மா வீட்டின் கீழ் அறையில் இருப்பது யார்? சின்ன மாமா குடும்பம். தினமும் காலையில் சகலை தலைவாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதை மாடிப்படியில் நின்று பார்க்க வேண்டும். பெரிய மாமாவுக்கு அதைவிடச் சேறு மேல்.

"நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா அண்ணே?" என்று கேட்டார் சின்ன மாமா.

"உன் சிபாரிசு எனக்கு வேணாம். என் கை பேசும்" என்றார் இவர்.

வேலை கேட்பவர் ஏதாவது ஒரு கருவி செய்துகாட்ட வேண்டும். பெரிய மாமா, ஒரு விடுதியில் துணி துவைக்கும் ஒரு அம்மாவுக்காக மிதித்து ஓட்டும் சலவை எந்திரம் ஒன்றைச் செய்தார். பழைய சைக்கிள், ஒரு இரும்புப் பீப்பாய், நடுவில் பல்சக்கரப் பெட்டி. சும்மா சொல்லக்கூடாது, மிதித்தால் பூ மாதிரி சுற்றியது. சோதனைக்கு ஒரு மூட்டைத் துணியைத் துவைத்தும் பார்த்தார்.

சின்ன மாமா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம் அண்ணே. அந்தப் பெட்டி மூடிக்கு மட்டும் நாலு போல்ட் போட்டுடுங்க. உள்ள நூல் சுத்திக்கும், திறந்து எடுக்கணும்ல."

நல்ல யோசனைதான். ஆனால் சொன்னது சகலை ஆயிற்றே! திறந்து பார்த்து வித்தையைத் திருடப் பார்க்கிறான் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கே மூடியைச் சுற்றி ஒரு இடைவெளி விடாமல் வெல்டிங் வைத்தார். "கொழுந்தியா, இனி எவன் திறக்கிறான்னு பாக்கறேன்" என்று என்னிடம் பெருமையடித்தார். தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனம் தடையானால் சரி என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன்.

எங்கள் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கருவியைச் செய்தவர் வாயை மூடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதை வைத்து வேலை செய்யப்போகிறவர், வீட்டில் இருக்கும் ஸ்பேனரை வைத்துக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்ட வேண்டும். முடிந்தால் தேறியது. முடியாவிட்டால் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இல்லை.

விடுதி அம்மா ஸ்பேனரோடு எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். "ஐயா, இந்தப் பெட்டிக்கு வாசலே இல்லையே" என்றார்.

பெரிய மாமா பின்னால் கட்டிய கையைப் பிசைந்தார். குழுவை நடத்துபவர், கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் கண்ணாடி அக்கா, சின்ன மாமாவைப் பார்த்து, "நீங்க முயற்சி பண்ணுங்க" என்றார். சின்ன மாமா தடவிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் அவ்ளோ சுத்தம். என்னாலயும் முடியல" என்றார். "அப்பவே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பெரிய மாமாவைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியாவது இருக்கலாம். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்!

"சரி பண்ண சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றார் கண்ணாடி அக்கா.

பெரிய மாமா யாரையும் பார்க்காமல் அறுக்கும் எந்திரத்தை எடுத்தார். பொறி பறக்கத் தன் வெல்டிங்கைத் தானே அறுத்தார். மூடி விழுந்தது. உள்ளே, அச்சைச் சுற்றிக் கொத்தாக நூல். சோதனைத் துவையலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"போல்ட் குடு."

"எத்தனை மாமா? சின்ன மாமா சொன்ன நாலா?"

அவர் முறைத்த முறைப்பில் நான் ஐந்தாகக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் விடுதி அம்மா போல்ட்டைக் கழற்றினார், நூலை உருவிப் போட்டார், மூடினார், ஏறி மிதித்தார். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோதானா? இனிமே நீங்க வரவே வேணாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பட்டறையில் அதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது. வேலையும் அங்கேயே உறுதியானது. பெரிய அக்கா சாமான் அறைக்குள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். மாடி அறை பூட்டியே கிடக்கட்டும் என்றாள்.

இப்போது அந்தச் சலவை எந்திரம் எத்தனையோ விடுதிகளில் ஓடுகிறது. ஒரு இடத்திலிருந்தும் பழுது என்று தகவல் வந்ததில்லை. சின்ன மாமா செய்த மிதி பம்புதான் நாற்றுப்பண்ணைகளில் அடிக்கடி நின்றுபோகிறது. போன் வந்தபடி இருக்கும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். போன இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், திரும்பும்போது கை நிறையச் செடி கொடுத்து அனுப்புவார்கள். குழுவின் கணக்கில் இது அவருக்குத் தோல்வி, பெரிய மாமாவுக்கு வெற்றி. கண்ணாடி அக்கா கூட்டத்திலேயே அப்படித்தான் சொன்னார்.

நேற்று பெரிய மாமா சாமான் அறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா?"

"இல்ல மாமா."

"விடுதியில இருந்து?"

"அது பாட்டுக்கு ஓடுதாம். உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னாங்க."

ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே சின்ன மாமா அவசர அவசரமாகப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு, அவனைத்தான் கூப்பிடறாங்க" என்றார்.